ஏவிய பிறகு எத்தனை விநாடி? டிசிஎஸ் ஹெலிகாப்டர்களில் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள்: செய்து பார்த்த குறிப்பு

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினிப் போர்ப்பறப்பு சிமுலேட்டரில் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்கள் ஏவுகணைகளை ஒப்பிட உட்கார்ந்தால் முதலில் தூரத்தைப் பார்ப்பார்கள், அடுத்து எத்தனை மில்லிமீட்டர் கவசத்தைத் துளைக்கும் என்று பார்ப்பார்கள். துளைக்கும் கணக்கு இங்கே பெரிதாக உதவாது. சிம்மில் டாங்கிகளின் சேதக் கணக்கு மேலோட்டமானது. தூரக் கணக்கும் பாதிதான் உண்மை. அதனால் இந்தச் சுற்றில் வேறொன்றை அளவுகோலாக வைத்தோம். விசையை அழுத்திய பிறகு எதிரியின் கண்ணில் பட்டபடி எத்தனை விநாடி நிற்க வேண்டியிருக்கிறது?

களம்: பெர்ஷியன் கல்ஃப் வரைபடத்தில் மரம் குறைந்த கடலோரச் சமவெளி. ராமநாதபுரம் கரையைப் போலவே தட்டையான நிலம், ஒளிய மேடு கிடைப்பது அரிது. நான்கு டி-72 டாங்கி, அவற்றுக்குப் பின்னால் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தும் வான்பாதுகாப்பு வண்டியான துங்குஸ்கா ஒன்று. முதலில் துங்குஸ்காவைச் 'சுடாதே' என்ற கட்டளையில் வைத்து ஏவுகணையின் போக்கை மட்டும் பார்க்க வேண்டும். பிறகுதான் கட்டளையை அவிழ்த்து, எச்சரிக்கை நிலையைச் சிவப்புக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு பறப்பையும் டாக்வியூ என்ற பறப்புப் பதிவு மென்பொருளில் பதிந்தால் ஏவியது முதல் அடித்தது வரை விநாடி சுத்தமாகத் தெரியும். தூரம் மனதில் நிற்க, பாம்பன் ரயில் பாலத்தை முழக்கோலாக வைத்துக்கொண்டோம்: ஒரு பாலம் 2 கி.மீ. சொச்சம்.

கெஸல் ஹெலிகாப்டரின் ஹாட்-3 இரண்டு பாலத் தூரம் போகும். கம்பி வழியாகக் கட்டளை வாங்கும் ஏவுகணை, 4 கி.மீ. போக ஏறத்தாழ 17 விநாடி. தூண்டில் நரம்பை விட்டுக்கொண்டே மீனைத் திருப்புகிற மாதிரி, அடிக்கும் வரை குறுக்குக்கோடு இலக்கின் மேலேயே இருக்க வேண்டும். ஹெலிகாப்டரை வெடுக்கென்று திருப்பினால் ஏவுகணை கைவிட்டுப் போகும். மேட்டுக்குப் பின்னால் ஒளிந்து சுடும்போது எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. விவியேன் என்ற சைட் (குறி பார்க்கும் கருவி) கூரையில் இருக்கிறது, ஏவுகணைகள் பக்கவாட்டுக் கைகளில், அதைவிடத் தாழ்வாக. சைட்டில் டாங்கி தெரிகிறதே என்று அழுத்தினால் ஏவுகணை எதிரே இருக்கும் மேட்டின் முகட்டிலேயே மோதும். இலக்கு தெரிந்த பிறகும் ஓர் ஆள் உயரம் கூடுதலாக ஏறித்தான் சுட வேண்டும்.

ஹாட் குறி தவறினால் சிம்மைக் குறை சொல்லும் முன் ஜாய்ஸ்டிக்கைச் சோதியுங்கள். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் பொட்டன்ஷியோமீட்டர் (உரசும் தடத்தால் அசைவை அளக்கும் பாகம்) வைத்த குச்சிகளின் தடத்தில் அழுக்கும் உப்பும் படியும். கை படாமலே அச்சு துடிக்கும். விமானத்தை ஓட்டும்போது இது தெரியாது. சைட்டை நகர்த்தும் சிறு குச்சியில் இருந்தால் 17 விநாடிக்குள் குறுக்குக்கோடு டாங்கியின் கோபுரத்திலிருந்து மெல்ல நழுவி மண்ணில் போய் நிற்கும். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பலகையைத் திறந்து, கையை எடுத்துவிட்டு, கூட்டல் குறி அசைகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். அசைந்தால் மின் தொடர்புகளுக்கான கான்டாக்ட் கிளீனரைத் தடத்தில் அடித்து, குச்சியை இருபது முப்பது தடவை முழு வீச்சில் சுழற்றி, நன்றாக உலரவிட வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அது தூசியைப் பிடித்து வைக்கும். அதற்குப் பிறகும் துடிப்பு இருந்தால் சிம்மின் ஆக்சிஸ் டியூன் அமைப்பில் டெட்ஸோன் (சிறு அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) 5, வளைவு 20 என்று ஆரம்பித்துக் கூட்டிப் பாருங்கள். புதிதாக வாங்குபவர்கள் காந்தத்தால் அசைவை அளக்கும் ஹால் சென்சார் வைத்ததையே வாங்குவது நல்லது. உரசும் பாகம் இல்லை, உப்புக்கு அங்கே வேலையும் இல்லை.

கம்பி என்றதும் ஒரு துணைச் செய்தி. அமெரிக்க டோ ஏவுகணையின் கையேடுகள், அகலமான நீர்ப்பரப்பின் மேல் சுடுவதைக் கட்டுப்படுத்துகின்றன. கம்பி தண்ணீரில் விழுந்தால் கட்டளை கசிந்துவிடும், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். பாக் நீரிணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும்.

எம்ஐ-24பி ஹெலிகாப்டரின் ஷ்டுர்ம் ஏவுகணை 5 கி.மீ. தூரத்தை 14 விநாடி சொச்சத்தில் கடக்கிறது. வழிகாட்டல் ரேடியோ அலையில். பாரம் ஏற்றிய இந்த வண்டி அந்தரத்தில் நிற்கத் திணறும், அதனால் ஓடியபடியே சுடுவதுதான் முறை. இதன் ராதுகா சைட் இருபுறமும் 60 பாகை வரை திரும்பும். ஏவிய உடனே மூக்கை ஒருபக்கம் சாய்த்தாற்போல் ஒதுக்கிப் பறந்தால் சைட் இலக்கை விடாது, நாமும் நேராக டாங்கியின் மடியில் போய் விழ மாட்டோம். சரிவு மென்மையாக இருக்க வேண்டும். செங்குத்தாகச் சாய்ந்தால் சைட்டை இயக்கும் கணினித் துணைவர் பெட்ரோவிச் இலக்கைத் தொலைப்பார்.

கே.ஏ-50 ஹெலிகாப்டரின் விக்கர் ஏவுகணைதான் எங்களுக்குள் அதிகம் வாதம் கிளப்பியது. 4 கி.மீ. 9 விநாடி, 10 கி.மீ. 28 விநாடி. 12 ஏவுகணை ஏற்றலாம். காகிதத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் இது லேசர் கற்றைக்குள் தவழ்ந்து போகும் ஏவுகணை, கற்றை எங்கிருந்து வருகிறதோ அங்கேயே நீங்கள் இருந்தாக வேண்டும். துங்குஸ்காவின் ஏவுகணை 8 கி.மீ. எட்டும், விக்கரைவிட வேகமானது. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அதன் ஏவுகணை உங்களிடம் முதலில் வந்து சேரும். பயந்து மேட்டுக்குக் கீழே இறங்கினால் கற்றை அறுந்து விக்கர் வீண். ஆகவே துங்குஸ்கா இருக்கும் களத்தில் 8 கி.மீ.க்கு வெளியே நிற்கும்போது முதல் குறி அதுவாகவே இருக்கட்டும், டாங்கிகள் காத்திருக்கும்.

விக்கர் கிளம்பிய கையோடு விலகிப் போனால் பெரும்பாலும் காரணம் மூக்கு. கற்றை ஏவுகணையைப் பிடிக்கும் முன் அது வெளியே போய்விடுகிறது. தானாகத் திருப்பும் பொத்தானை அழுத்தி, மூக்கு இலக்கின் நேருக்கு வந்து ஆட்டம் அடங்கிய பிறகு அழுத்துங்கள். லேசரும் சூடேறும். நான்கு டாங்கியையும் ஒரே மூச்சில் அடிக்கப் பார்த்தால் பாதியில் மறுத்துவிடும், நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டும்.

அப்பாச்சி ஹெலிகாப்டரின் ஹெல்ஃபயர் 114கே ஏவுகணை மெதுவானது. இலக்கில் பட்டுத் திரும்பும் லேசர் வெளிச்சத்தைப் பிடித்துப் போகும். 8 கி.மீ. போக அரை நிமிடத்துக்கு மேல். ஆனாலும் வெளியே நிற்கும் விநாடி இதில் நம் கையில் இருக்கிறது. ஏவிய பிறகு அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும் முறையில், தடுப்புக்குப் பின்னாலிருந்து ஏவி, திரையில் மிச்ச நேரம் 10 விநாடிக்கு வரும்போது மேலே வந்து லேசரை அடித்தால் போதும். முந்தி அடித்தால் ஏவுகணை சீக்கிரமே தலைகுனிந்து இலக்குக்கு முன்பே மண்ணைத் தொடும். ஏவலாமா என்று காட்டும் திரைப் பெட்டி உடைகோடாக இருந்தால் அழுத்தாதீர்கள், முழுக்கோடாக மாற வேண்டும். முன்பே பிடிக்கும் முறையில் பெட்டி பெரியது, 20 பாகை வரை மன்னிக்கும். பின் பிடிக்கும் முறையில் 7.5 பாகைதான், மூக்கைக் கவனமாக வைக்க வேண்டும்.

பேக்ஸ்கேட்டர் என்று எழுத்து வந்தால் ஏவுகணையின் கண் இலக்கைப் பார்க்கவில்லை, அருகில் சிதறிய வெளிச்சத்தைப் பார்க்கிறது. லேசரை நிறுத்தி, புல்லோ புதரோ குறுக்கே இல்லாத கோணத்துக்கு நகர்ந்து, மறுபடி அடியுங்கள். கூட்டாளி லேசர் அடித்து நீங்கள் ஏவும்போது இரண்டு விஷயம். அவருடைய லேசரின் குறியீட்டு எண்ணும் உங்கள் ஏவுகணைச் சேனலின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் இலக்கை நோக்கும் கோட்டிலிருந்து அவர் 60 பாகைக்கு மேல் விலகி நிற்கக் கூடாது. விலகினால் திரும்பிவரும் வெளிச்சம் ஏவுகணைக்குப் போதாது.

ஹெல்ஃபயரின் இன்னொரு வகையான 114எல் ரேடாரில் தானே வழி பார்த்துக்கொள்ளும். ஏவியதும் இறங்கிவிடலாம். விநாடிக் கணக்கில் இதற்கு முதலிடம், ஐயமில்லை. எந்த வண்டியைக் குறி வைக்கிறது என்பதைக் கண்ணால் உறுதி செய்வதுதான் கடினம். நம் வண்டிகளும் கலந்து நிற்கும் இடத்தில் கே வகையையே நம்புவோம். நம் நாட்டு ஹெலினா ஏவுகணை இதே ஏவி மறக்கும் வேலையை அகச்சிவப்புக் கண்ணால் செய்கிறது. ஏவும் முன்பே பிடிக்கும், 7 கி.மீ. எட்டும். அது இந்த சிம்மில் வந்தால் ஒப்பீட்டையே மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

வெப்பத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். மிஷனில் 36 டிகிரி, அதாவது நம் சித்திரை மதியம், வைத்துப் பாருங்கள். 16 ஹெல்ஃபயர் என்றால் ஏவுகணை மட்டுமே 700 கிலோவுக்கு மேல், ரேடார் தனி. முழு எரிபொருளோடு கிளம்பி, தரைக் காற்றின் தாங்கல் இல்லாத உயரத்தில் நின்று குறி பார்க்கப் போனால் டார்க் (எஞ்சின் சுழலிக்குத் தரும் முறுக்குவிசை) எல்லையைத் தொட்டு வண்டி கீழே அமிழும். பறக்கும் முன் காக்பிட் திரையின் பெர்ஃப் (செயல்திறன்) பக்கத்தில் அந்தர நிலைக்கான டார்க்கைப் பாருங்கள். இடம் போதவில்லை என்றால் இரண்டு கே, இரண்டு எல் லாஞ்சருக்குப் பதில் ஒவ்வொன்றில் ஒன்று, ஆக 8 ஏவுகணை, எரிபொருள் பாதி.