பழைய ஐஎஸ்இஏ பெட்டி ஒன்றைத் திறந்து முடிப்பதற்குள்

ஐஎஸ்இஏ என்னும் பன்னாட்டு மின்னணுக் கலை மாநாட்டின் ஓர் ஆண்டுக் காகிதமும் டேப்பும் இருந்த அந்தப் பெட்டி கைக்கு வந்தது மூன்றாவது பயணத்தில்தான். முதல் முறை சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை அனுமதிக் கடிதத்தில் துறையின் பெயர் பொருந்தவில்லை என்று எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது பழைய துறைப் பெயர், கடிதத்தில் இருந்தது இன்றைய பெயர். வேறொன்றும் இல்லை. யாராவது இப்படிக் கிளம்பினால் கடிதத்தில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். கிளம்பும் முன் பெட்டியின் படத்தைக் கேட்டு வாங்கி, அதன்மேல் உள்ள எழுத்தை எழுத்துப் பிசகாமல் கடிதத்தில் சேருங்கள். சொத்து எண் இல்லாத பெட்டி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கிடங்கைக் காலி செய்யும் நாளில் பழைய பேப்பர்காரருக்கு முதலில் போவது அதுதான்.

ஐஎஸ்இஏ மாநாட்டுக்கு நிலையான வீடு கிடையாது. 1988இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் விம் வான் டெர் பிளாஸ், தியோ ஹெஸ்பர் இருவரும் முன்னின்று முதல் கூட்டத்தை நடத்தினார்கள். 1990இல் நெதர்லாந்திலேயே அதற்கென்று ஒரு சங்கம் உருவானது. பிறகு சிட்னி, மினியாபோலிஸ், ஹெல்சின்கி, மான்ட்ரியல் என்று நகரம் மாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகமோ கலை நிறுவனமோதான் நடத்தும். கூட்டம் முடிந்ததும் குழு கலைந்துவிடும், காகிதமும் டேப்பும் அங்கேயே தங்கிவிடும். தலைமை அலுவலகமும் நெதர்லாந்திலிருந்து மான்ட்ரியலுக்குப் போய், திரும்பி வந்து, பின்னர் இங்கிலாந்தின் பிரைட்டனுக்குப் போனது. போனி மிட்செல், ஜேன் சியர்ல்மன், வான் டெர் பிளாஸ், டெர்ரி வோங் ஆகியோர் ஆவணக் காப்பகத்தைக் கட்டி எழுப்பிய உழைப்பு எவ்வளவு பெரியது என்பது ஒரே ஓர் ஆண்டின் பெட்டியைத் திறந்தாலே புரிந்துவிடும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் சிக்க வைப்பது பெயர். முதல் கூட்டத்தின் சுருக்கப் பெயர் எஃப்ஐஎஸ்இஏ. அதில் எஃப் என்றால் ஃபர்ஸ்ட். 1993இல் மினியாபோலிஸில் நடந்த நான்காவது கூட்டமும் எஃப்ஐஎஸ்இஏதான், அங்கே எஃப் என்றால் ஃபோர்த். லேபிளில் ஆண்டு இல்லையென்றால் இரண்டும் ஒரே கோப்புறைக்குள் போய்விடும். எங்கள் பட்டியலில் அப்படிக் கலந்த 11 தாள்களைப் பிரித்தெடுக்க ஒரு முழு நாள் ஆனது. இது போதாதென்று ஐஎஸ்இஏ என்பது மாநாட்டின் பெயரும்தான், அதை நடத்தும் சங்கத்தின் பெயரும்தான். சங்கத்தின் கணக்குத் தாளை மாநாட்டுச் செலவு என்று பதிந்துவிட வேண்டாம்.

அடுத்தது அச்சான புத்தகங்கள். ஒரே ஆண்டுக்கு நிகழ்ச்சி நிரல், கண்காட்சி நூல், கட்டுரைத் தொகுப்பு என்று மூன்று இருக்கலாம். நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு முன்பே அச்சாவது. அதில் பெயர் இருப்பவர் வந்தார் என்பதற்கு அது சான்று ஆகாது. கடைசி நேர மாற்றங்களை ஒற்றைத் தாளில் நகலெடுத்துக் கொடுத்திருப்பார்கள். நூலின் நடுவில் மடித்துச் செருகிய அந்தத் தாள்தான் உண்மையைச் சொல்லும். உதறிவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் பென்சிலால் குறியுங்கள்.

ஆட்பெயர்களுக்குத் தனிப் பொறுமை வேண்டும். ஜப்பானியரும் ஹங்கேரியரும் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். ஒரு நூல் அதை மாற்றிப் போடும், அடுத்த ஆண்டு நூல் அப்படியே விடும். டச்சுக்காரரின் 'வான் டெர்' ஒரு நூலில் வி வரிசையில், இன்னொன்றில் பி வரிசையில். இனிஷியலைக் குடும்பப் பெயர் என்று நினைத்த படிவங்களோடு மல்லுக்கட்டிய நமக்கு இது புதிதல்ல. ஒருவருக்கு ஓர் எண் கொடுத்து, அச்சில் கண்ட எல்லா வடிவங்களையும் அதன் கீழ் சேர்ப்பதுதான் வழி. எதையும் 'திருத்த' வேண்டாம்.

டேப்பில்தான் அதிகம் இழக்க நேர்ந்தது. விஎச்எஸ், ஹை8, யூமேட்டிக் என்ற மூன்று வகை வீடியோ டேப்பும் கலந்து கிடந்தன. கலைஞர்கள் பல நாடுகளிலிருந்து அனுப்பியவை என்பதால் பால் (PAL), என்டிஎஸ்சி என்ற இரண்டு வண்ண ஒளிபரப்பு முறைகளும் இருக்கும், பிரான்சிலிருந்து வந்ததில் செகாமும் வரலாம். வெளியில் எழுதியிருப்பதை நம்பாமல் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வந்தால் டேப் கெட்டுவிட்டது என்று ஒதுக்காதீர்கள், பெரும்பாலும் முறை மாறியிருக்கும். ஆனால் ஓட்டுவதற்கு முன் மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தாலோ, கண்ணாடி வழியே வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ பிளேயரில் போடக் கூடாது. பூஞ்சை பிளேயரின் தலைப்பகுதியில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். கிறீச்சென்று சத்தம் வந்து டேப் இழுபட்டால் உடனே நிறுத்துங்கள். பசை இளகிய டேப்பை 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை கட்டுப்பாடான சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்துவார்கள். அதை ஆய்வுக்கூட அடுப்பில் தெரிந்தவர் செய்யட்டும். சமையலறை ஓவனில் வெப்பம் ஏறி இறங்கும், ஒருபோதும் வேண்டாம். டேப்பைக் கணினியில் ஏற்றினால், டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ வடிவில் ஒரு மணி நேரக் கோப்பு ஏறத்தாழ 13 ஜிபி. வட்டு வாங்கும்போது அதை மூன்றால் பெருக்குங்கள், ஏனென்றால் மூன்று நகல் தேவை.

ஃபிளாப்பிக்கு யூஎஸ்பி டிரைவ் வாங்கியது வீண் செலவு. ஆப்பிள் மேக்கின் 800 கேபி வட்டையும் அமிகா கணினியின் 880 கேபி வட்டையும் அதனால் படிக்க முடியாது. 'இந்த வட்டை ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும். ஆம் என்று அழுத்தினால் கதை முடிந்தது. வட்டை உள்ளே போடும் முன் மூலையில் உள்ள தகட்டை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வைத்தால் எழுத முடியாது. பழைய பிசியின் உள் டிரைவோடு கிரீஸ்வீசல் என்ற சிறு பலகையை இணைத்ததும் இரண்டு வகையையும் படிக்க முடிந்தது. எத்தனையோ ஆண்டாக யாரும் திறக்காத ஒரு கலைஞரின் குறிப்புக் கோப்பு திரையில் வந்தபோது அறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

சிடியில் இன்னொரு பொறி. அந்தக் காலக் கலைஞர்கள் பலர் மேக்கில் வேலை செய்தவர்கள், வட்டு எச்எஃப்எஸ் என்ற மேக்கின் பழைய கோப்பு முறையில் இருக்கும். விண்டோஸ் அதைக் காலி வட்டு போலக் காட்டும். மேக்கின் இயங்குதளமும் கேட்டலினா பதிப்பிலிருந்து அதைத் திறக்காது. கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்காமல் முழு வட்டையும் அப்படியே ஒரே கோப்பாக, அதாவது ஓர் இமேஜாக எடுங்கள், பிறகு பழைய மேக்கைப் போல இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் திறக்கலாம்.

இப்போது மாநாடு நடத்தும் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசி நாளுக்கு முன்பே ஒருவரை இதற்கென்று பொறுப்பாக்குங்கள். தற்காலிக ஊழியரின் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படும்போது கிளவுடில் இருந்ததும் அதோடு போகும். டொமைன் பெயரை 10 ஆண்டுக்கு முன்பணம் கட்டி வையுங்கள். காப்பகத்தில் காட்டுவதற்கான ஒப்புதலைக் கலைஞரிடம் பதிவுப் படிவத்திலேயே வாங்குங்கள். பின்னால் தேடினால் பாதிப் பேரின் மின்னஞ்சல் திரும்பி வருகிறது.

எங்கள் பெட்டியில் இன்னும் நான்கு யூமேட்டிக் டேப்புகள் உறையிட்டு, 'பூஞ்சை, ஓட்டாதே' என்று எழுதித் தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. சுத்தம் செய்யும் கூடத்தில் தேதி கேட்டிருக்கிறோம்.