பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் இதயத் துடிப்பைக் கவனித்த கதை

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று எடுத்த ஈசிஜியில் ஒன்றும் இல்லை, பிபியும் சர்க்கரையும் பரவாயில்லை, அப்புறம் எப்படி மூளை ரத்தக்குழாய் அடைத்தது என்று கேட்டால் வயசு என்றார்கள். எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. ஆஸ்பிரினோடு வீட்டுக்கு வந்தோம். எல்லாருக்கும் கை எப்போது தூக்குவார், கால் எப்போது ஊன்றுவார் என்கிற கவலைதான்.

பிறகு பார்த்த நரம்பியல் டாக்டர்தான், காரணம் பிடிபடாத அடைப்பு என்றால் இதயத்தையும் சந்தேகப்படணும் என்று, துடிப்பை விடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் சோதனையை எழுதினார். நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டியை மாட்டி 24 மணி நேரம் ஓட்டினோம். அதிலும் ஒன்றும் சிக்கவில்லை. அவர் சந்தேகப்பட்ட துடிப்புக் கோளாறு சிலருக்கு வந்து வந்து போகுமாம், மாட்டியிருக்கும் நேரத்தில் வந்தால்தான் பதிவாகும். அதனால் தினமும் மணிக்கட்டில் முழுசாக ஒரு நிமிஷம் நாடி பார்க்கச் சொன்னார், எத்தனை என்பதை விடச் சீராக இருக்கிறதா என்று. ஒரு சாயங்காலம் என் விரலுக்கு அடியில் இரண்டு துடிப்பு ஒட்டி வந்தது, ஒரு இடைவெளி, பிறகு சின்னதாக மூன்று. அம்மாவோ “எனக்கு ஒண்ணும் பண்ணலையே” என்று சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ பிடித்துப் போய் ஈசிஜி எடுத்தால், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறை சுருங்காமல் நடுங்குவதால் ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது, அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போகிறது. இதற்கு ஆஸ்பிரின் போதாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை ஆரம்பித்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கணும். குறைந்தால் உறையும், ஏறினால் ரத்தக்கசிவு. காலையில் லேபில் ரத்தம், சாயங்காலம் ரிசல்ட், அதைப் பார்த்து டாக்டர் சொல்லும் அளவை நாள்காட்டித் தாளில் எழுதி வைப்பேன். பெரியம்மா கீரையே கூடாது என்றுவிட்டார். டாக்டர் சொன்னது வேறு: சாப்பிடலாம், ஆனால் வாராவாரம் ஒரே மாதிரி, ஒரு வாரம் முருங்கைக்கீரையாகத் தின்றுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருந்தால்தான் ஐஎன்ஆர் ஆடும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், ரத்தக்கசிவு வருமாம். அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அப்படியும் ஐஎன்ஆர் அடங்கவில்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது பக்க வால்வு) சுருக்கம் இல்லை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சரியாக இருந்தது, அதனால் அபிக்சபான் என்கிற வேறொரு உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு மாற்றினார்கள். (வால்வு ரொம்பச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இந்த மாத்திரை கிடையாது.) ஐஎன்ஆர் தொல்லை விட்டது, செலவு கூடியது. காலை ஒன்று, ராத்திரி ஒன்று. மருந்தின் வேலை சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தவறினால் ஞாபகம் வந்ததும் போடலாம், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. பல் பிடுங்கப் போனபோதுகூட நாங்களாக நிறுத்தவில்லை, பல் டாக்டரையே இதய டாக்டரிடம் போனில் பேசவைத்தோம்.