மண்ணீரல் இருக்கட்டும்

என் நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, பிறர் சொல்லக் கேட்டது. விடியற்காலையில் எழுந்து, ஜி.எஸ்.டி. பில் எங்கே என்று குளியலறைச் சுவரிடம் கேட்டேனாம். பெரம்பூரில் எதிர்த் திசை ரயிலில் ஏறி, திருநின்றவூர் நடைமேடையில் உட்கார்ந்திருந்தேனாம். இரண்டும் என் நினைவில் இல்லை.

ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருப்பவனுக்கு, முகூர்த்த மாதங்களில் காலைச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. வெறும் வயிற்றோடு கடையைத் திறந்தால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், மணமகன் பெயரை மணமகள் இடத்தில் எழுதிவிடுவேன். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ உள்ளே போனால் சற்று நேரத்தில் தெளிந்துவிடும். இரவில் குடிக்கிறார் என்று கடைப் பையன்கள் முடிவுகட்டியிருந்தார்கள். ஒரு மருத்துவமனையில் வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

உண்மையில் கண்டுபிடித்தது என் மனைவி. அம்மாவுக்கு நீரிழிவு, அதனால் வீட்டில் குளுக்கோமீட்டர் உண்டு. ஒரு நாள் காலை நான் உளறிக்கொண்டிருந்தபோது விரலில் குத்திப் பார்த்திருக்கிறாள். சர்க்கரை வெறும் 41. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும் நான் எழுந்து உட்கார்ந்து, விரலில் ஏன் ரத்தம் என்று கேட்டேனாம். மாதிரிப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் தேதி, நேரம், எண் மூன்றையும் குறித்து வைத்தாள். அடுத்தடுத்து அதே அட்டையில் வரிசை நீண்டது. தெருவுக்குத் தெரு சர்க்கரை நோய் மருத்துவமனை இருக்கும் இந்தச் சென்னையில், சர்க்கரை குறைவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அந்த அட்டையைப் பார்த்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறிகுறிகள், அதே நேரத்தில் குறைந்த சர்க்கரை, சர்க்கரை ஏறியதும் தெளிவு. இந்த மூன்றும் சேர்ந்தால் இன்சுலினோமாவைச் சந்தேகிக்க வேண்டும் என்று 1930-களிலேயே ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வகுத்திருக்கிறார். கணையத்தில் உருவாகி, சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினை வேளை பார்க்காமல் சுரக்கும் கட்டி அது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வரும். பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் சிறியது, பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்ல.

உறுதி செய்ய மருத்துவமனையில் வைத்துப் பட்டினி போட்டார்கள். 72 மணி நேரம் வரை போகலாம் என்றார்கள். எனக்கு இரண்டாம் இரவே சர்க்கரை சரிந்துவிட்டது. அந்த நொடியில் எடுத்த ரத்தத்தில் இன்சுலினும் அதிகம், கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளியிடும் சி-பெப்டைடும் அதிகம். அப்படியென்றால் இன்சுலின் ஊசியிலிருந்து வந்ததல்ல, என் கணையமே சுரந்தது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் அம்மாவின் நீரிழிவு மாத்திரையான கிளிமிபிரைடை நான் விழுங்கியிருக்கிறேனா என்று தனியாக ஒரு சோதனை வேறு. மாமியார் மாத்திரையை மருமகள் கலந்துவிட்டாளோ என்ற அந்தக் கேள்வியை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்த அல்ட்ராசவுண்டில் 14 மி.மீ. கட்டி ஒன்று கணையத்தின் நடுப்பகுதியில் தெரிந்தது. இங்கேதான் வழக்கு ஆரம்பித்தது. முதலில் பார்த்த அறுவை மருத்துவர், கணையத்தின் நடுவிலிருந்து வால்வரை எடுத்துவிடலாம், ஒட்டியிருக்கும் மண்ணீரலும் சேர்ந்து வந்துவிடும், மண்ணீரல் இல்லாமலும் வாழலாம் என்றார். வாழலாம்தான். ஆனால் மண்ணீரல் கிருமிகளை எதிர்க்க உதவும் உறுப்பு. அது இல்லையென்றால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் முதலிய கிருமிகளுக்குத் தடுப்பூசிகள் போட வேண்டும். அதற்குப் பிறகும் காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இன்சுலின் சுரக்கும் திட்டுகள் வால் பகுதியில்தான் அடர்த்தி அதிகம். அதையும் எடுத்தால் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடும். 14 மி.மீ. கட்டிக்காக இவ்வளவு இழப்பதா? பத்திரிகையில் ஓர் எழுத்து தவறினால் நான் பத்திரிகைக் கட்டு முழுவதையும் எரிப்பதில்லை.

இரண்டாவது மருத்துவர் நோயாளிச் சீட்டின் ஓரத்தில் படம் போட்டார். கட்டி, கணைய நீரைக் கொண்டுசெல்லும் முதன்மை நாளத்திலிருந்து இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் தள்ளி இருந்தால் கட்டியை மட்டும் வழித்தெடுக்கலாம். நாளத்தை நெருங்கினால் கணையத்தின் நடுத்துண்டை மட்டும் எடுத்து, வால் பகுதியைக் குடலோடு இணைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வாலை எடுத்து மண்ணீரலைக் காப்பாற்றலாம். கணையத்தின் முதுகோடு ஓடும் மண்ணீரல் தமனியிலிருந்தும் சிரையிலிருந்தும் பிரியும் மெல்லிய கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும், நேரம் பிடிக்கும் வேலை. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கூடவே, "சார், வழித்தெடுத்தால் கணைய நீர் கசிவதற்கு வாய்ப்பு அதிகம். உறுப்பு மிச்சமாகும், ட்யூபோடு கொஞ்ச நாள் இருக்க வேண்டியிருக்கும்" என்றார். கெட்ட செய்தியை முன்கூட்டியே சொன்னதால்தான் அவரிடம் போனேன்.

லேப்ராஸ்கோப்பி மூலம் செய்தார்கள். உள்ளேயே அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்ததில் நாளத்துக்கு 4 மி.மீ. தூரம் இருந்தது. கட்டி வெளியே வந்ததும் சர்க்கரை ஏறத் தொடங்கியது. அடுத்த சில நாட்கள் அது 200-ஐத் தாண்டியதால், இன்சுலின் அதிகமாகிப் படுத்தவனுக்கே இன்சுலின் ஊசி போட்டார்கள். அடங்கிக் கிடந்த மற்ற இன்சுலின் செல்கள் விழித்துக்கொள்ள நேரம் வேண்டுமாம்.

கசிவும் சொன்னபடியே வந்தது. மூன்றாம் நாள், வயிற்றில் வைத்த ட்யூப் வழியே வடிந்த நீரில் கணைய நொதியான அமிலேஸ் எக்கச்சக்கம். அந்த நீர் வடியும் பையோடு வீட்டுக்கு வந்தேன். வேட்டி கட்டினால் ட்யூப் மடங்கும். லுங்கியோடு சில வாரங்கள் கிடந்தேன். உறவினர் ஒருவர் வந்து, மொத்தமாக எடுத்திருந்தால் ஒரேயடியாக முடிந்திருக்குமே என்றார். அதிலும் கசிவு வரும் என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை, காபி கேட்டார். கசிவு குறைந்து, ட்யூபை உருவினார்கள். இன்று கேட்டாலும் இதே அறுவையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

திசுப் பரிசோதனையில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதிலும் மெதுவாக வளரும் முதல் நிலை (கிரேடு 1) என்று வந்தது. குடும்ப வழியில் வரும் நோயின் பகுதியாக இருக்குமோ என்று கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தார்கள், இரண்டும் சரி. வலிப்பு மாத்திரையை நரம்பியல் மருத்துவரே படிப்படியாக நிறுத்திவிட்டார். ஸ்கூட்டர் சாவி மட்டும் இன்னும் மனைவியிடம் இருக்கிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது.