நீண்ட பங்கு என்றால் சின்னப் பங்கு: கடல்சார் வரலாற்றில் ஒரு அரியர் அனுபவம்

முடிவு நேற்று முன்தினம் வந்தது. கடல்சார் வரலாறு 61. சென்ற ஆண்டு இதே தாளில் 34.

அப்போது என்னைக் கவிழ்த்தது எஸ்ஸெக்ஸ் என்ற கப்பல். பாய்மரக் காலத்துத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றின் வரலாற்றை ஆராயச் சொல்லியிருந்தார்கள். 1819இல் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து கிளம்பிய கப்பலைப் பசிபிக்கில் 1820 நவம்பர் 20 அன்று திமிங்கிலம் மோதிக் கவிழ்த்தது. பக்கத்துத் தீவுகளில் நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து தென் அமெரிக்காவை நோக்கிப் படகு செலுத்தியவர்கள், கடைசியில் செத்துப்போன தோழர்களையே தின்னும்படி ஆனது. இருபது பேரில் எட்டுப் பேர் பிழைத்தார்கள். ஆறு பக்கம் உருகி உருகி எழுதினேன். 15க்கு 4.

விடைத்தாள் நகலில் ஒரே ஒரு வரி வட்டமிடப்பட்டிருந்தது: “மாலுமிகளுக்கு நீண்ட பங்கு கிடைத்ததால் வருமானம் அதிகம்.” அந்தக் கப்பல்களில் சம்பளம் கிடையாது, நிகர வருவாயில் ‘லே’ எனப்படும் பங்குதான். கேப்டனுக்குப் பதினைந்தில் ஒன்றை ஒட்டி, புது ஆளுக்கு இருநூறில் ஒன்று போல. பின்னத்தில் கீழே நிற்கும் எண் பெரிதாகப் பெரிதாகப் பங்கு சிறிது. அந்தச் சின்னப் பங்குக்குத்தான் ‘நீண்ட லே’ என்று பெயர். நான் தலைகீழாக எழுதியிருந்தேன். பி.காம். படித்தவன் செய்யும் தப்பா இது!

இந்த முறை சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற வேட்டைக் கப்பலை எடுத்தேன். சோகம் குறைவு, கணக்கு அதிகம். 1841இல் நியூ பெட்ஃபோர்டில் கட்டியது. 1921 வரை 80 ஆண்டுகளில் 37 வேட்டைப் பயணங்கள். முதல் பயணம் முடிந்து 1845 ஜனவரியில் திரும்பியபோது கொண்டுவந்த சரக்கின் மதிப்பு சுமார் 53,000 டாலர். செலவு எதுவும் கழிக்காமலே இருநூறில் ஒன்று என்றால் 265 டாலர். மூன்று வருடம் நான்கு மாதத்துக்கு! மாதம் ஏழு டாலர்கூட வராது. அதிலும் கப்பலிலேயே கடனாக வாங்கிய சட்டை, புகையிலைக்கான பிடித்தம் உண்டு. விடையின் முதல் பத்தியிலேயே இதைப் போட்டேன். என்னைக் கேட்டால், இந்த ஒரு கணக்கு போதும், தாள் தேறிவிடும்.

மற்றவை:

- ‘வேல்போன்’ எலும்பு அல்ல. சிலவகைத் திமிங்கிலங்களின் மேல்தாடையில் தொங்கும் தகடு; நம் நகத்தின் பொருளால் ஆனது. பெண்களின் இடுப்புக் கச்சைக்கும் குடைக்கம்பிக்கும் போனது.
- திமிங்கில எண்ணெயை விளக்குக்கு எரித்த எண்ணெய் என்று எழுதுங்கள். ‘விளக்கெண்ணெய்’ என்று எழுதினால் ஆமணக்கு ஆகிவிடும். (சிரிக்காதீர்கள், எழுதியிருக்கிறேன்.)
- திமிங்கில வேட்டையின் வீழ்ச்சிக்கு 1859 பென்சில்வேனிய பெட்ரோலியக் கிணற்றோடு நிறுத்தாதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எரிந்த கப்பல்கள், 1871இல் ஆர்க்டிக் பனியில் சிக்கிக் கைவிடப்பட்ட 33 கப்பல்கள் எல்லாம் வேண்டும்.
- மார்கனின் பயணங்கள் 37ஆ 38ஆ என்று குழம்பாதீர்கள். 38ஆவது, மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகம் பழுதுபார்த்து 2014இல் ஓட்டியது, வேட்டைக்கல்ல.

படம் வரைந்தால் மேல்தள அடுப்பை வரையுங்கள். மரக்கப்பலின் மேல் செங்கல் அடுப்பு, அதில் பெரிய இரும்புக் கொப்பரைகள். தளம் தீப்பிடிக்காமலிருக்க அடியில் தண்ணீர்த் தொட்டி. திமிங்கிலக் கொழுப்பை உருக்கியபின் மிஞ்சும் முறுகலையே விறகாகப் போட்டார்கள். நான் தொட்டியை மட்டும் நீல மையில் தீட்டினேன். அதற்கு நேரம் ஒதுக்குங்கள், பத்து நிமிடமானாலும் சரி.

கதை சொல்லியே மதிப்பெண் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வழி கசக்கும்.

தோற்றிருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நான் அவசரப்பட்டு மறுமதிப்பீட்டுக்குத்தான் முதலில் பணம் கட்டினேன். இரண்டு மாதம் கழித்து அதே 34 திரும்பி வந்தது.