பதினோரு நாள்

பள்ளியில் என்.எஸ்.எஸ்.ஸில், அதாவது நாட்டு நலப்பணித் திட்டத்தில், ஏன் சேர்ந்தோம் என்பதில் பொய் வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கலாம், முகாம் முடிகிற அன்று பிரானூர் பார்டரில் பரோட்டா உண்டு, கடைசியில் ஒரு சான்றிதழும் வரும். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது என்று கணக்கு சார்வாள் ஒவ்வொரு ஜூனிலும் ஒப்பிப்பார். இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் என்பதை மட்டும் நாம் காதில் வாங்கிக்கொள்வோம்.

மற்றப் பள்ளிக்கூடங்களில் முகாம் என்றால் கோயில் வளாகத்தில் புல் செதுக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினால் முடிந்தது. சார்வாளுக்கு அது போதாது. மண்வெட்டி பிடித்த வேலை அப்படியே கரும்பலகைக்கு வந்தாக வேண்டும். சரிவகத்தின் பரப்பை நாம் புத்தகத்தில் படித்ததைவிட வாய்க்கால் கரையில் படித்ததுதான் அதிகம்.

போன மாதம் அவர் காலமானார். நம் பழைய மாணவர் சங்க மலர்க்குழு என்னை எழுதச் சொன்ன காரணம் என் செட்டுக்குத் தெரியும். என் இன்ஷியலை மறந்தவன்கூட ‘பதினோரு நாள்’ என்றால் என்னைச் சொல்லிவிடுவான். பிந்தி வந்தவர்களுக்காக அந்தக் கதை.

செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கத்து முகாம். அரைப்பரீட்சை லீவு. காலைக்கு அந்த உப்புமா (அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்). குளத்துக்கு வரும் வாய்க்காலைத் தூர்வாரிய கையோடு அளக்கச் சொன்னார். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டுக் குறுக்கே கட்டி, முடிச்சுக்கு முடிச்சு மூங்கிலை இறக்கி ஆழம் பார்த்தோம். அகலம் 6 அடி, சராசரி ஆழம் 2 அடி. 30 அடி தூரத்துக்குக் குச்சி நட்டுத் தேங்காய் மட்டைத் துண்டை மிதக்கவிட்டால் 20 விநாடியில் கடந்தது. மேல்தண்ணீர் ஓடும் வேகத்தில் அடித்தண்ணீர் ஓடாது, 0.85ஆல் பெருக்கு என்றார். விநாடிக்கு 15.3 கன அடி. நாளைக்கு 86,400 விநாடி. பஞ்சாயத்து ஏட்டிலிருந்த குளத்தின் கொள்ளளவை அந்த நாள் கணக்கால் வகுத்தேன். பதினோரு நாள்.

நிறைவு விழாவில் ஊரே கூடியிருந்தது. மைக்கில் வாசித்தேன்: “ஆகவே இக்குளம் பதினோரு நாளில் நிரம்பும்.” முன்வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த மடைக்காரத் தாத்தா கேட்டார்.

“எய்யா, ராத்திரியும் சேத்தா?”

“ஆமா தாத்தா, இருபத்துநாலு மணி நேரம்.”

“ராத்திரித் தண்ணி மேலூருக்குல்லா. பொழுது அடைஞ்சா பலகையப் போட்டுத் திருப்பிருவாவ. ராஜா காலத்து மொறைய்யா. நீ யாருகிட்டயும் கேக்கலியோ?”

1956 நவம்பர் 1இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. தண்ணீர் முறை மட்டும் வந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இது எனக்கெப்படித் தெரியும்? பெண்கள் பக்கம்தான் சிரிப்பு முதலில் கிளம்பியது. சார்வாள் மைக்கை வாங்கி, என் சட்டையிலிருந்த என்.எஸ்.எஸ். பேட்ஜைத் தொட்டுக்காட்டினார். “கோனார்க் சக்கரத்துல எட்டு ஆரக்கால் இருக்குல்லா, நாள் முழுக்கச் சேவைன்னு அர்த்தம். பய, வாய்க்காலும் என்.எஸ்.எஸ்.ல சேந்துட்டுன்னு நெனைச்சிட்டான்.” இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது.

பள்ளி திறந்ததும் தாத்தாவை வகுப்புக்கே கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் போர்டில் வரைய வேண்டும்: மேலூர்க் குளம், அதன் கலுங்கு (மிஞ்சின தண்ணீர் வழியும் இடம்), பலகை போடும் இடம், கார் சாகுபடிக்கு ஒரு முறை, பிசானச் சாகுபடிக்கு வேறு முறை. பிறகு என் ரெக்கார்டு நோட்டையும் சிவப்புப் பேனாவையும் தாத்தாவிடமே கொடுத்தார். பத்துக்கு ஆறு. “பகல் கணக்கு சரியாத்தான் இருக்கு” என்றார் தாத்தா.

மேலூர் முறை சார்வாளுக்கு முன்பே தெரியும் என்று பிறகு கேள்விப்பட்டேன். முகாமுக்கு இடம் பார்க்கப் போனவர் அவர்தானே. முந்தின ராத்திரி என் நோட்டை வாங்கிப் பார்த்து, “பெருக்கல் சரி” என்று டிக் போட்டுத் தந்தார். பதினாறு வயசுப் பையனை ஊர் முன்னால் அப்படி நிற்க விட்டிருக்க வேண்டாம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் நினைவிருக்குமா என்பீர்கள். இருக்காதுதான். இருந்தாலும் வேண்டாம்.

என் மகள் இங்கே அபுதாபியில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) டிப்ளமா படிக்கிறாள். அதில் சி.ஏ.எஸ். என்று ஒன்று. படைப்பு, செயல்பாடு, சேவை மூன்றிலும் குறைந்தது 18 மாதம் ஈடுபட்டு, அதைப் பற்றி யோசித்து எழுத வேண்டும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. கையுறை போட்டுக் கடற்கரை சுத்தம் செய்துவிட்டு வந்து அழகாக எழுதினாள். அந்தக் கடற்கரையைத் தினமும் கூட்டுகிற வங்காளி அண்ணனிடம் காட்டி மார்க் வாங்கி வா என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில், தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ப்ளோ மீட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே 86,400ஆல் தைரியமாகப் பெருக்கலாம். மேலூர் கிடையாது.

அன்று வாய்க்கால் அளந்தவர்களில் பாதிப் பேர் ஷார்ஜா, மஸ்கட், சிங்கப்பூர். தாத்தாவின் பேரன், நம் கடைசி பெஞ்சு, ஊரில் இருக்கிறான். இப்போது பலகை அவன் பொறுப்பு. லீவில் போகும்போதெல்லாம் “குளத்துப் பக்கம் வாயேம்ல” என்பான். கல்யாண வீடுகளுக்கும் குற்றாலத்துக்குமே நாள் சரியாகிவிடும். சார்வாளின் பாடையைத் தூக்கியது அவனும் அவனைப்போல் ஊரிலேயே தங்கிவிட்டவர்களும்தான். சங்கத்து உறுப்பினர் பட்டியலில் தேடிப் பார்த்தேன், அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. சந்தாவை நாம் திர்ஹாமில் வைத்திருக்கிறோம்.