பழைய போர் விமானத்தின் காலில் கைவைக்கலாமா?

பழைய விமானப் பைத்தியங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எல்லாம் ஒரிஜினலாகவே இருக்கவேண்டும் என்பது ஒரு கட்சி, பறக்கவேண்டுமென்றால் மாற்றத்தான் வேண்டும் என்பது மற்றது. நான் கல்லடியில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருப்பவன், விமானத்தில் ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. ஆனாலும் விமானம் இறங்கும்போதும் தரையில் நிற்கும்போதும் தாங்குகிற காலும் சில்லும் என்று வந்தால் நான் இரண்டாவது கட்சி. பெயின்ட், கொக்பிட் எல்லாம் அப்படியே இருக்கட்டும், காலுக்குள் இருப்பதை மாற்றிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஹோக்கர் சீ ஃபியூரி. முதலில் பறந்தது 1945இல், பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தது 1947இல். ஜெட் வந்துகொண்டிருந்த நேரத்தில் 18 சிலிண்டர் சென்டாரஸ் எஞ்சினோடு வந்த கடைசித் தலைமுறைப் புரொப்பெல்லர் சண்டைக்காரன். முழுச் சுமையோடு 5 தொன்னைத் தாண்டும். அது இறங்குவது கப்பல் தளத்தில். விமானந்தாங்கிக் கப்பல் என்றால் எங்கள் ஊரில் உடனே ஞாபகம் வருவது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ்தான். அந்த மாதிரித் தளத்தில் மெதுவாக வந்து தொடுவதற்கெல்லாம் இடம் கிடையாது, பொத்தென்றுதான் விழவேண்டும், அந்த அடி முழுவதையும் வாங்குவது இரண்டு கால்கள்.

காலின் உள்ளே என்ன இருக்கிறது? பைக்கின் முன் ஃபோர்க்கைக் கழற்றியவனுக்கு விளக்கவே தேவையில்லை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், நடுவில் சின்ன ஓட்டை வழியாக நெருக்கி ஓடும் ஒயில், எங்கள் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் அதற்கு அமுக்கிய வாயு. ஒயில் அடியை விழுங்கும், வாயு காலைத் திரும்பத் தள்ளும். உள்குழாயின் குரோம் கண்ணாடிபோல இருக்கவேண்டும். கடல் காற்றில் நிற்கிற பைக்குகளில் நான் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது அதைத்தான், நகத்தில் தட்டுகிற சின்னப் பள்ளம் இருந்தாலே போதும், ஒயில் வெளியே வராமல் பிடிக்கிற றப்பர் வளையமான சீலின் உதட்டை அறுத்துவிடும். காத்தான்குடியில் எனக்கு லேத் வேலை செய்துதரும் நானா இதைப் பார்த்தால் ஒன்றுதான் சொல்வார்: "தம்பி, குரோமில புள்ளி விழுந்த பிறகு சீல மாத்தி என்ன பிரயோசனம்?" கடற்படையில் இருந்த விமானத்துக்கும் அதே கதைதான். பழைய குரோமை உரித்து, புதிதாக ஏற்றி, அளவுக்குக் கடைந்து எடுக்கவேண்டும்.

அடுத்தது சீல். முந்திய விமானங்கள் பலவற்றில் ஹைட்ரோலிக் திரவம் ஆமணக்கெண்ணெய் கலந்தது, அதற்கு இயற்கை றப்பர் சீல் ஒத்துப்போகும். பிறகு வந்த சிவப்பு நிறக் கனிம ஒயிலை அதற்குள் விட்டால் அந்த றப்பர் ஊதிப் பழுதாகிவிடும், ஆகவே நைட்ரைல் என்ற செயற்கை றப்பரில் செய்த சீல். வாயுவாகச் சாதாரணக் காற்றை அடிக்காமல் உலர்ந்த நைட்ரஜன் அடிக்கிறார்கள். காற்றில் இருக்கும் ஒட்சிசனும் ஈரமும் உள்ளே போனால் துருதான், போதாததற்கு கடும் அமுக்கத்தில் அந்த ஒட்சிசனோடு சேர்ந்து ஒயில் ஆவி தீப்பற்றவும் கூடும். எங்கள் ரவுன் டயர் கடையில் காருக்கே நைட்ரஜன் அடிக்கிறார்கள், விமானத்துக்கு அடித்தால் மட்டும் பாரம்பரியம் கெட்டுவிடுமா?

சில்லுகளையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்துச் சில்லுகள் பல மக்னீசியக் கலவையில் வார்த்தவை. பாரம் குறைவு, ஆனால் உப்பும் ஈரமும் பட்டால் அரித்து வெடிப்பு விழும். வெளியில் அதே தோற்றம் வருமாறு அலுமினியத்தில் புதிதாகக் கடைந்து போடுவதில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று, சேவையில் இருந்த காலத்திலேயே கால்களை மாற்றித்தான் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கோர்செயார் (1942இல் படைக்கு வந்து 1950களின் தொடக்கம் வரை தயாரானது) கப்பலில் இறங்கும்போது பந்துபோலத் துள்ளியது. 1944இல் காலின் வால்வையும் அமுக்கத்தையும் மாற்றித்தான் துள்ளலை அடக்கினார்கள், வால் சில்லின் காலையும் உயர்த்தினார்கள். அப்போது யாரும் ஒரிஜினல் போய்விட்டது என்று அழவில்லை.

சரி, மாற்றவே முடியாததும் உண்டு. ஸ்பெயினில் 1958 வரை செய்த ஹிஸ்பானோ புச்சோன் சண்டை விமானத்துக்குப் பிரித்தானிய மெர்லின் எஞ்சின், ஆனால் கால்கள் ஜேர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 சண்டை விமானத்தினுடையவை. இறக்கையைக் கழற்றினாலும் விமானம் சில்லில் நிற்கட்டும் என்று கால்களை உடம்போடு பொருத்தினார்கள், அதனால் சில்லுகளுக்கிடையில் இடைவெளி குறுகிப்போனது. பாரத்தின் மையம் முன் சில்லுகளுக்குப் பின்னால் இருப்பதால் இறங்கி ஓடும்போது கொஞ்சம் திரும்பினாலும் வால் முந்திக்கொண்டு சுற்றப் பார்க்கும். இதற்குச் சீலும் உதவாது, நைட்ரஜனும் உதவாது. வால் சில்லைப் பூட்டிக்கொண்டு, முடிந்தால் புல்தரையில் இறங்கவேண்டும்.

காலை இறக்குகிற ஹைட்ரோலிக் பம்ப் எஞ்சினில் ஓடுவது, எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். 2014 ஜூலை 31ஆம் திகதி இங்கிலாந்தின் கல்ட்ரோஸ் விமானக் கண்காட்சியில் ஒரு சீ ஃபியூரியின் எஞ்சின் நடுவானில் வலுவிழந்தது. ஓடுபாதையில் இறங்கியபோது கால்கள் மடங்கி வயிற்றால் சறுக்கியது, விமானி தப்பினார், விமானத்தையும் திருத்தி மறுபடி பறக்கவிட்டார்கள். கோர்செயாரில் இதற்கென்றே ஒரு காபனீரொட்சைட்டுப் போத்தல் உண்டு, பம்ப் கைவிட்டாலும் அது காலைத் தள்ளி இறக்கிவிடும். பறக்கிற பழசு எதிலும் இப்படித் தனியாக ஒரு போத்தல் இல்லையென்றால் நான் முதலில் போடச் சொல்வது அதைத்தான்.