மூழ்கி எழும் இலைவட்டுகள்: ஒளிச்சேர்க்கையின் வேகத்தை அளந்து பார்த்தேன்

நீர்த்தாவரத்தைப் புனலால் மூடி, கவிழ்த்த சோதனைக்குழாயில் ஆக்சிஜன் குமிழிகள் சேர்வதைக் காட்டும் சோதனையைப் பலரும் பள்ளியில் பார்த்திருப்போம். ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டிவிடும். ஆனால் குமிழிகள் ஒரே அளவில் வருவதில்லை என்பதால், அவற்றை எண்ணி வேகத்தைச் சொல்வது நம்பத்தக்கதாக இல்லை. எனக்கு வேண்டியிருந்தது வேகம்; ஒளியையும் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் கூட்டிக் குறைத்தால் அந்த வேகம் என்ன ஆகிறது என்பதே என் கேள்வி. அதற்காக இலைவட்டு முறையைக் கையில் எடுத்தேன்.

முறை எளியது. மெல்லிய பாலக்கீரை இலையிலிருந்து, காகிதத்தில் துளையிடும் கருவியால், நடு நரம்பைத் தவிர்த்துச் சிறு வட்டுகளை வெட்டிக்கொள்ள வேண்டும். இலையின் உள்ளே செல்களுக்கு இடையில் காற்று நிறைந்திருப்பதால் இவை நீரில் மிதக்கும். கரியமில வாயு கிடைப்பதற்காகச் சமையல் சோடாவைச் சிறிதளவு கரைத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்த நீருடன் வட்டுகளை ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் இட்டு, முனையை விரலால் அடைத்து உந்துதண்டைப் பின்னோக்கி இழுத்தால், வட்டின் விளிம்பெங்கும் பொடிக் குமிழிகள் முளைக்கின்றன. தண்டை விட்டவுடன் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்து, வெளிர்பச்சையாக இருந்த வட்டு கரும்பச்சையாகி, ஈரத்தாள் போல ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுகிறது. பிறகு அது அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

விளக்கின் கீழ் வைத்துச் சில நிமிடங்கள் கழித்து, ஒளிச்சேர்க்கையில் உண்டான ஆக்சிஜன் தூக்கிவிட, வட்டுகள் எழத் தொடங்கின. அவை எழ ஆகும் நேரம் குறையக் குறைய, ஒளிச்சேர்க்கையின் வேகம் அதிகம் என்று கொண்டேன். எழுமுன் பல வட்டுகள் ஒரு பக்கம் தூக்கி, விளிம்பின் மேல் நின்று ஆடியதைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு குமிழி ஒட்டியிருந்தது. கரியமில வாயு வெளியேறும்படி கொதிக்கவைத்து ஆறவிட்ட, சோடா சேர்க்காத நீரில், அதே விளக்கின் கீழ், அதே நேரம் இருந்த வட்டுகள் அடியிலேயே கிடந்தன. வெளிவரும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதன்று, நீர் மூலக்கூறு பிளவுபடுவதால் வருவது. ரூபன், கேமன் என்னும் அறிவியலாளர்கள் கனமான ஆக்சிஜன் அணுவைக் கொண்டு 1941இல் இதைக் காட்டினார்கள். அப்படியிருந்தும் கரியமில வாயு இல்லாத நீரில் வட்டு எழவில்லை என்பதுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

விடை, ஒளிச்சேர்க்கையின் இரண்டு கட்டங்களும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதில் இருக்கிறது. இலைச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தின் தைலக்காய்டு சவ்வுகளில் ஒளி நீரைப் பிளந்து, ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி.யையும் எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்.ஏ.டி.பி.எச்.சையும் உண்டாக்குகிறது. சவ்வைச் சூழ்ந்த ஸ்ட்ரோமாவில் நடக்கும் கால்வின் சுழற்சி இவ்விரண்டையும் செலவழித்துக் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குகிறது. வாயு கிடைக்காமல் சுழற்சி நின்றால் என்.ஏ.டி.பி.எச். செலவாகாமல் தேங்கி, எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஆளின்றி, நீரைப் பிளக்கும் வேலையும் தளர்ந்துவிடுகிறது.

இதை உணர்ந்த பிறகே விளக்கின் தூரத்தை மாற்றும் சோதனைக்குப் பொருள் கிடைத்தது. சிறு விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் ஒளி ஏறத்தாழ 4 மடங்காக வேண்டும். தொலைவில் இருந்தபோது விளக்கை நெருக்கியதும் வட்டுகள் விரைவாக எழுந்தன. ஆனால் ஓர் எல்லைக்குப் பின் எவ்வளவு நெருக்கினாலும் நேரம் குறையவில்லை. அந்த நிலையில் ஒளியைத் தொடாமல் சோடாவை மட்டும் சற்றுக் கூட்டியபோது மீண்டும் வேகம் ஏறியது. எந்தக் காரணி மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று தாவரவியலாளர் பிளாக்மன் 1905இல் சொன்னது இதைத்தான். 'ஒளி கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும்' என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவது போதாது என்று நான் அழுத்தமாகக் கருதுகிறேன். மற்றவை போதிய அளவு இருக்கும்வரை மட்டுமே அது உண்மை.

வெப்பத்தைப் பிரித்தறிவதற்கு, சூடு குறைந்த எல்இடி விளக்கைப் பயன்படுத்தியதோடு, விளக்குக்கும் குவளைக்கும் இடையில் நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியையும் வைத்தேன். பனிக்கட்டி மிதந்த நீர்த்தொட்டிக்குள் இறக்கி வைத்த குவளையில் வட்டுகள் மிகவும் தாமதித்தே எழுந்தன. கரியமில வாயுவைப் பிணைக்கும் ரூபிஸ்கோ, ஒரு வினாடிக்குச் சில மூலக்கூறுகளை மட்டுமே கையாளும் மந்தமான நொதி. குளிரில் அது மேலும் மந்தமாகும். மிகுந்த சூட்டிலோ நொதிகள் தம் வடிவத்தையே இழக்கத் தொடங்கும்.

குவளைகளின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தாள்களைச் சுற்றிச் சோதித்ததில் பச்சைத்தாளுக்குள் இருந்தவை பின்தங்கின. ஆனால் இந்த முடிவை நான் பெரிதாக நம்பவில்லை. ஒவ்வொரு தாளும் விடும் ஒளியின் மொத்த அளவே வேறுபடும். தவிர, பச்சை ஒளியிலும் கணிசமான பங்கை இலை உறிஞ்சவே செய்கிறது. சிவப்பும் நீலமும் கூடுதலாகப் பயன்படுவதை ஜெர்மானிய அறிவியலாளர் எங்கெல்மன் 1882இல் பாசி இழையின் மீது நிறமாலையை விழச் செய்து, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் எங்கே குவிகின்றன என்று பார்த்துக் கண்டறிந்த முறை இதைவிட எவ்வளவோ நேர்த்தியானது.

மிதந்த வட்டுகளை இருட்டில் வைத்தால், சேர்ந்த ஆக்சிஜனைச் சுவாசம் பயன்படுத்திக்கொள்வதால், அவை ஒவ்வொன்றாக மறுபடியும் மூழ்குகின்றன. ஆகவே நான் இதுவரை அளந்தது உற்பத்தியிலிருந்து சுவாசச் செலவைக் கழித்த மிச்சத்தை மட்டுமே. இனி, பாதி மிதக்கும் நிலையிலுள்ள வட்டுகள் எழவும் செய்யாமல், மூழ்கவும் செய்யாமல் நிற்கும்படியான மங்கிய ஒளி எந்தத் தூரத்தில் கிடைக்கிறது என்று தேடவிருக்கிறேன். இளந்தளிருக்கும் முதிர்ந்த இலைக்கும் அந்தத் தூரத்தைத் தனித்தனியே குறிக்க வேண்டும்.